கட்டளையும் காலத் தாழ்வும்

1987 ஆம் ஆண்டு ஒற்றோபர் 19 ஆம் நாள் நியூயோர்க்கில் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 508 புள்ளிகள், அஃதாவது 22.6 வீதம், வீழ்ந்தது. பங்குகள் நியூயோர்க்கிலும், பங்குச் சுட்டெண் பற்றிய எதிர்கால ஒப்பந்தங்கள் சிக்காக்கோவிலும் விலைபோவன. இரண்டிடத்து விலைகளும் வேறுபடுங்கால், மலிந்ததை வாங்கி உயர்ந்ததை விற்போர் கணிப்பொறி வழியே கட்டளை விடுப்பர். அதனால் விலைகள் மீண்டும் இணங்கும். அன்றோ, கட்டளைகள் கம்பிவழி விரைந்து வந்தும், களத்து அச்சுப்பொறிகள் அவற்றைத் தாளிற் பொறிக்க இயலாது திணறின. விடுத்தபோது கண்ட விலை வேறு. நிறைவேறிய விலை வேறு. இணைப்பு அறுந்தமையால் ஒப்பந்த விலை பங்குவிலைக்கு மிகக் கீழே இறங்கிற்று.

அவ்வச்சுப்பொறிகள் மறைந்துவிட்டன. எனினும், தாமதம் நேர்ந்தவுடன் கம்பியைப் பழிப்பார் இன்றும் உளர். விலைச்செய்தி வந்த நேரம், கட்டளை புறப்பட்ட நேரம், தரகரின் சோதனையைக் கடந்த நேரம், சந்தை ஏற்ற நேரம், நிறைவேறிய நேரம் என்பவற்றைத் தனித்தனியே குறித்தாலன்றிக் குற்றம் எங்குள்ளதெனத் துணிதல் அரிது. கடிகாரங்கள் ஒத்தியங்காவிடின் அக்குறிப்பும் பொய்க்கும். இனி, சந்தை ஏற்றபின்னும் நிறைவேறாது நிற்கும் விலைவரம்புக் கட்டளையோ பெரும்பாலும் பழுதினால் நிற்பதன்று. அதே விலைக்கு முன்வந்த கட்டளைகளின் பின்னே வரிசையிற் காத்திருப்பதேயாம்.