எல். பி. லார்சனும் தமிழ் விவிலியத் திருத்தமும்

1. முன்னுரை

மூலத்திற்கு நெருக்கமான மொழிபெயர்ப்பே வாசகர்க்கும் நெருக்கமானதாக அமையும் என்று கொள்வதற்கில்லை. இதற்குத் தக்க சான்று, டென்மார்க் நாட்டுக் குருவும் விவிலிய அறிஞருமான எல். பி. லார்சன் (1862–1940) மேற்கொண்ட தமிழ் விவிலியத் திருத்தமாகும். அவர்தம் வாழ்வையும் பணியையும் இந்நோக்கில் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. வாழ்வும் கல்விப்பணியும்

லார்சன் 1889இல் டேனிஷ் மிஷன் சங்கத்தின் சார்பில் தமிழகம் வந்தார். பத்தாண்டுகளுக்குப்பின் அச்சங்கத்தினின்று விலகி, சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக மாணவரிடையே பணியாற்றினார். பல திருச்சபைகள் இணைந்து 1910இல் பெங்களூரில் நிறுவிய ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல் முதல்வராகி, 1924 வரை அப்பொறுப்பை வகித்தார். தென்னிந்திய மொழிகள் பலவற்றைப் பேசும் மாணவர்க்கு அங்கு ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது. முதல்வர் பொறுப்பை விட்ட பின்னர் அவரது உழைப்பு முழுவதும் தமிழ் விவிலியத் திருத்தத்தின்பாற் சென்றது.

3. திருத்தத்தின் தேவை

ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. அதன்பின் பத்தாண்டுகளில், 1881இல், வெஸ்ட்காட், ஹார்ட் ஆகியோரின் கிரேக்கப் பதிப்பு தொன்மையான கையெழுத்துப்படிகளைக் கொண்டு புதிய ஏற்பாட்டின் மூலபாடத்தையே பல இடங்களில் மாற்றியது. ஆகவே, தமிழ்நடையைச் சீர்செய்வதோடு மூலபாடத்தை மறுபரிசீலனை செய்வதும் தேவையாயிற்று. லார்சன், ஜி. எஸ். துரைசாமியுடன் இணைந்து செய்த திருத்தம் 1936இல் வெளியாயிற்று.

4. வழக்கின் வலிமை

எனினும், சீர்திருத்தச் சபையினரின் வழிபாட்டில் பவர் மொழிபெயர்ப்பே இன்றளவும் நிலைத்துள்ளது. இதனை வாசகரின் பழமைப்பற்று என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. 'தேவன் சொன்னார்' என்னும் தொடரை நோக்குக. எழுவாய் ஆண்பால் ஒருமை ஈறு பெற்றிருக்க, பயனிலை மரியாதைப் பன்மை ஈறு பெறுகிறது. பொதுவழக்கில் 'ஆசிரியன் சொன்னார்' என்பது வழுவாகத் தோன்றும். ஆனால் விவிலியத் தமிழில் இவ்வியைபின்மையே இறைவனைச் சுட்டும் அடையாளமாக ஊன்றிவிட்டது. 'கடவுள் சொன்னார்' என்பதில் இம்முரண் இல்லை. 'கடவுள்' என்னும் சொல் ஆண்பால் ஈறு பெறாதது. இலக்கணம் சீராகிறது, ஆயினும் தலைமுறைகளாகச் செவிவழி நிலைத்த அடையாளம் ஒன்று மறைகிறது. 'ஞானஸ்நானம்', 'திருமுழுக்கு' ஆகியவற்றின் நிலையும் இத்தகையதே. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்', 'திருமுழுக்கு' என்னும் வடிவங்களையே கைக்கொண்டது. இன்று இருவகை வழக்குகளும் அருகருகே வழங்குகின்றன.

5. முடிவுரை

மனப்பாடமாகவும் செபமாகவும் வழங்கும் பனுவலில் ஒரு சொல்லை மாற்றுவது, பொருளை மட்டுமன்றி வாசகரின் நினைவையும் மாற்றுவதாகும். லார்சனின் திருத்தம் பரவலாக ஏற்கப்படாமையை அறிஞரொருவரின் தோல்வியாகக் கருதுதல் பொருந்தாது. மூலபாட ஆய்வும் வழக்காய்வும் உடன்நிகழ வேண்டும் என்பதே மொழிபெயர்ப்பாளர்க்கு அது விட்டுச்சென்ற பாடமாகும்.