சீம்பாலும் மூன்று ஊசியும்

பூனைக்குட்டியைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மூன்றாம் முறை கேட்டுவிடுவார்கள்: “போன மாசம்தானே டாக்டர் இதே ஊசியைப் போட்டோம்?” நியாயமான கேள்விதான். பதில், குட்டி பிறந்த முதல் நாளில் ஒளிந்திருக்கிறது.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். இரண்டு எலுமிச்சம்பழ எடை. பிறபொருளெதிரி என்று ஒரு வகைப் புரதம் உண்டு; கிருமியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வது அதன் வேலை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்கு அது கொஞ்சம்தான் கிடைக்கிறது. மீதியெல்லாம் சீம்பாலில். புரதம் என்றால் குடல் செரித்துவிட வேண்டாமா? பச்சிளம் குட்டியின் குடல் அதை உடைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. ஏறக்குறைய ஒரு நாள்தான். பிறகு அந்த வழி அடைந்துவிடும்.

இந்தத் தாய்வீட்டுச் சீர் கரையத் தொடங்குகிறது. பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகின்றன. ஒரு குட்டி மற்றதைவிட 8 மடங்கு அதிகமாகப் பெற்றிருந்தால், அதன் காவல் ஒரு மாதம் கூடுதலாக நீடிக்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் முட்டிமோதி முதலில் குடித்ததற்கு ஒரு கணக்கு, பின்தங்கியதற்கு வேறு கணக்கு.

அந்த வைரஸ் லேசுப்பட்டதல்ல. ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 40,000 வரிசையாக நிற்கும். வீட்டுத் தரையில் ஓராண்டு வரை தாக்குப்பிடிக்கும். தன்னைப் படியெடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் இல்லை. அதனால் வேகமாகப் பிரியும் செல்களாகத் தேடிப் புகுகிறது: குடல், எலும்பு மஜ்ஜை. வெள்ளையணுக்கள் சரிகின்றன. கருவிலேயே தொற்றினால் சிறுமூளை வளராமல் போய், குட்டி ஆயுள் முழுக்கத் தள்ளாடி நடக்கும்.

இதற்கான தடுப்பூசியில் பெரும்பாலும் வலுவிழந்த வைரஸ்தான் இருக்கிறது. அது உடலுக்குள் கொஞ்சம் பெருகினால்தான் குட்டியின் உடம்பு பாடம் படிக்கும். சிக்கல் அங்கேதான். தாய் தந்த காவலர்கள் அதையும் எதிரியாக நினைத்து அமுக்கிவிடுகிறார்கள். இன்னும் வேடிக்கை, காவல் மெலிந்துபோன சில வாரங்கள்: ஊசியில் வரும் நோஞ்சானை அடக்க அவர்களுக்குத் தெம்பு இருக்கும், தெருவிலிருந்து வரும் முரடனைத் தடுக்க இருக்காது.

அந்த வாரங்கள் எந்தக் குட்டிக்கு எப்போது வரும்? வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எனவே 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் தாண்டும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். மூன்று ஊசி என்றால் மூன்று பங்கு மருந்து என்று அர்த்தமில்லை. பூட்டிய கதவை மூன்று முறை தட்டிப் பார்ப்பது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தனி, வழக்கமாக 12 வாரத்துக்குப் பிறகு.

சில குட்டிகளிடம் 16 வாரத்திலும் தாயின் மிச்சம் கரையாமல் இருக்கும். அவற்றை நினைத்துத்தான் உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், 26ஆம் வாரத்தில் மறுபடி ஒருமுறை தட்டச் சொல்கிறது.