மாலை போட்டால் நிறுத்துகிறார்... கழற்றினால்?

கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார், கழற்றினால் பழைய கதைதான் என்று புலம்புகிறீர்களா? அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர்களில் இது பல வீட்டுக் கவலை.

அந்த 41 நாள் அவரைத் தாங்குவது பக்தி மட்டும் இல்லீங்க. கூடவே வரும் சாமிகள், வீட்டில் கிடைக்கும் மரியாதை, காலை மாலை தவறாத ஒழுங்கு. மலைக்குப் போய் வந்ததும் மூன்றும் போய்விடுகின்றன. அதைத் தொடரச் செய்வதுதான் சிகிச்சையில் பாதி.

1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, குடிப்பவரோடு குடும்பத்தையும் ஆலோசனையில் சேர்த்தது. மஞ்சக்குடி கிராமத்தில் ஊர்க்காரர்கள் துணையோடு முகாமும் நடத்தியது. குடி ஒரு நோய்; வீடும் ஊரும் சேர்ந்தால்தான் தீரும் என்பதே அதன் வழி.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

* தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள்.
* சாப்பாட்டில் ரகசியமாக மருந்து கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் விபரீதம்.
* ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, கட்டணம் கிடையாது. மாலையைக் கழற்றிய வாரமே போகச் சொல்லுங்கள்.
* ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. நீங்களே பேசலாம்.

நடுவில் ஒருநாள் சறுக்கினால் ‘அவ்வளவுதான்’ என்று கைவிடாதீர்கள். மறுநாளே மீண்டும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ‘சாமி’ என்று கொடுத்த மரியாதையை மட்டும் தை மாதமும் குறைக்காதீர்கள்!