மூச்சுக்கு ஒரு சொல்

புனேயிலிருந்து லோனாவாலா போகும் லோக்கல் ரயில், கட்கியைத் தாண்டியதும் போபோடியை உரசிக்கொண்டு முளா ஆற்றைக் கடந்து தாபோடியில் நிற்கிறது. ராணுவத் தொழிற்சாலைகளும் பழைய மும்பைச் சாலையும் சூழ்ந்த இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தியானத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால், மூச்சைக் கவனிப்பதையே செபமாக்கலாம் என்று உலகெங்கும் உள்ள கிறிஸ்தவர்களுக்குச் சொன்ன ஒரு புத்தகத்தின் கதை, இந்த ரயில் பாதையின் இரு முனைகளோடும் பிணைந்தது.

அந்தப் புத்தகம் 1978இல் குஜராத்தின் ஆனந்த் நகரிலிருந்து வெளிவந்த ‘சாதனா’. எழுதியவர் இயேசு சபைக் குரு அந்தோனி டி மெல்லோ. 1931இல் மும்பையில் பிறந்த அவர், 1970களின் தொடக்கத்தில் குருக்களுக்கும் துறவியருக்கும் ஆற்றுப்படுத்தல் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தைப் புனேயில் தொடங்கினார். ‘சாதனா’ என்றே பெயர் பெற்ற அது பின்னர் லோனாவாலாவுக்கு இடம் மாறியது. பிராணாயாமத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த சுவாமி குவலயானந்தரின் கைவல்யதாமமும் 1924 முதல் அதே ஊரில்தான் இருக்கிறது.

டி மெல்லோ சொல்லித்தந்த பயிற்சிகள் எளியவை. முதலில் நாசியில் காற்று நுழைவதையும் வெளியேறுவதையும் கவனிக்க வேண்டும். மூச்சை மாற்றவோ அடக்கவோ கூடாது. மனம் அடங்கிய பிறகு, சுற்றியுள்ள காற்று முழுவதும் இறைவனின் பிரசன்னத்தால் நிறைந்திருப்பதாக உணர்ந்து மூச்சை இழுக்க வேண்டும். அடுத்த படியில், சொல்லே இல்லாமல் மூச்சாலேயே கடவுளிடம் ஏக்கத்தையும் நன்றியையும் தெரிவிக்கலாம்.

“இது யோகாவாயிற்றே, நம் சபைக்குள் எப்படி வந்தது?” என்று கேட்டவர்கள் உண்டு. பௌத்தத் தியான முறைகளிலிருந்து டி மெல்லோ கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால், இதற்கான விதை அவருடைய சொந்த வீட்டிலேயே இருந்தது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலுக்குத் திருத்தந்தை 1548இல் ஒப்புதல் அளித்தார். அதில் கூறப்படும் மூன்றாவது செப முறை மூச்சின் தாளத்தைப் பற்றியது. இயேசு கற்பித்த செபத்திலிருந்து ஒரு மூச்சுக்கு ஒரு சொல் மட்டும் மனதுக்குள் சொல்ல வேண்டும். அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லின் பொருளிலோ, யாரிடம் பேசுகிறோமோ அவரிடமோ மனம் நிற்க வேண்டும்.

அதற்கும் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஏழாம் நூற்றாண்டில், சீனாய் மலையடிவார மடத்துத் தலைவர் யோவான் கிளிமாக்குஸ், இயேசுவின் நினைவு மூச்சோடு மூச்சாகக் கலந்திருக்க வேண்டும் என்று துறவிகளுக்கு எழுதினார். கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலை மடங்களில் இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் வேண்டும் ‘இயேசு செபம்’ என்ற சிறு மன்றாட்டு மூச்சோடு இணைந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அந்த முறையைக் கேலி செய்தவர்களுக்கு ஆதோஸ் துறவி கிரகோரி பலமாஸ் வாதிட்டுப் பதில் சொன்னார்.

வேதாகமத்திலும் இதற்கு இடமுண்டு. ஆதியாகமத்தில் கடவுள் மண்ணால் செய்த மனிதனின் நாசியில் ஊதிய பிறகே அவன் உயிர் பெறுகிறான். யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதித்தான் தூய ஆவியை அளிக்கிறார்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தேடல் நடந்தது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், பிரெஞ்சுக் குருக்கள் மொன்சானினும் அபிஷிக்தானந்தரும் 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1968இல் அங்கே வந்த துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993இல் மறையும்வரை கிறிஸ்தவ வழிபாட்டோடு இந்தியத் தியான முறைகளையும் வளர்த்தார்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை எச்சரிக்கையோடு பார்த்தது. உடற்பயிற்சி தரும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என 1989இல் வத்திக்கான் ஒரு கடிதத்தில் எழுதியது. அதே கடிதம், மூச்சோடு இணைந்த இயேசு செபம் பலருக்கு உதவலாம் என்றும் ஒப்புக்கொண்டது. டி மெல்லோ 1987இல் நியூயார்க்கில் இறந்தார். 1998இல் அவர் எழுத்துகள் குறித்து வத்திக்கான் சார்பில் கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட அறிவிப்பு, தொடக்க கால நூல்கள் பொதுவாகக் கிறிஸ்தவ ஆன்மீகத்தின் வரம்புக்குள் இருந்தன என்றும், பிந்தையவை படிப்படியாக விலகிப்போயின என்றும் கூறியது. ஆக, சிக்கல் மூச்சில் இல்லை. அது யாரை நோக்கிய மூச்சு என்பதில்தான்.

மருத்துவமும் ஒரு தகவல் தருகிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 பேரை ஆராய்ந்து 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகளை வெளியிட்டது. லத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் ஓதும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு இது வழக்கமாக 12 முதல் 20 வரை இருக்கும். அந்த மெதுவான தாளம் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சீராக்கும் உடலின் ஏற்பாட்டுக்கு உதவுவதையும் அவர்கள் கண்டார்கள்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் இஞ்ஞாசியாரின் முறையிலேயே தொடங்கலாம். தனி அறையோ ஆசனமோ தேவையில்லை. போபோடியில் மெட்ரோவுக்குக் காத்திருக்கும் நேரமே போதும். மூச்சை அடக்க வேண்டாம். தலைசுற்றினாலோ படபடப்பு கூடினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.