நீலப் புடவை நிறம் மாறிய கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் ஒருவர் கையில் பெரிய உறையுடன் வந்து சேர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதைப் பார்த்துச் சொல்லுங்கள், ஸார். இந்தப் புடவை என்ன நிறம்?" என்று ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

அவருடைய தாயார் படம். சஷ்டியப்தபூர்த்தியன்று எடுத்தது. அந்த அம்மாள் இப்போது இல்லை. ஆப்திகத்துக்குள் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டுமென்று ஏற்பாடு.

"கத்தரிப்பூ நிறம்" என்றேன்.

"போச்சு! அது எம்.எஸ். நீலம் ஸார்! அம்மா ஆசை ஆசையாய் வாங்கிய பட்டு. என் தங்கை இந்தப் படத்தைப் பார்த்தாள். 'இது அம்மா புடவையே இல்லை' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கம்ப்யூட்டரில் பார்த்தால் நீலம் ஜொலிக்கிறது. முகமும் பளிச்சென்று இருக்கிறது. காகிதத்தில் புடவை கத்தரிப்பூ, முகம் ஒரே மங்கல்! இரண்டு தடவை அச்சிட்டாகிவிட்டது."

சங்கீத உலகின் ராணியாக விளங்கிய எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய நீலமாயிற்றே! அது நிறம் மாறலாமா? வர்ண அச்சுத் தொழிலில் பல வருஷம் பழகிய ஒருவரிடம் நண்பரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"அந்தப் புடவை வீட்டில் இருக்கிறதா?"

"பீரோவில் இருக்கிறது."

"கொண்டுவரச் சொல்லுங்கள்."

தங்கை புடவையுடன் வருவதற்குள் அவர் எங்களுக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார்.

கம்ப்யூட்டர் திரை தானே எரியும் விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து மற்ற நிறங்களைக் காட்டுகிறது. மூன்றும் முழுதாய் எரிந்தால் வெள்ளை. இந்த வித்தையை 1861-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி லண்டனில் ஒரு வர்ண நாடாவின் படத்தைத் திரையில் விழச் செய்து காட்டினார்.

காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிக்கொள்கிறது; மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அச்சு மைகள் சயான் என்ற வெளிர் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு. இதில் அடர்ந்த நீலத்துக்கென்று தனி மை இல்லை. சயானையும் மெஜந்தாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித்தான் உண்டாக்க வேண்டும். மெஜந்தா சற்றுத் தூக்கலானால் கத்தரிப்பூதான்! திரையில் தெரியும் சில நீலங்களையும் பச்சைகளையும் அச்சு மையால் எட்டிப் பிடிக்கவே முடியாது.

"அப்படியானால் இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லையா?" என்று நண்பர் பரிதாபமாகக் கேட்டார்.

"ஜாதகம் பார்த்துச் சேர்த்தால் ஒத்துப்போகும்" என்று சிரித்தார் அச்சுக்காரர்.

ஒவ்வொரு திரைக்கும், ஒவ்வொரு அச்சு இயந்திரத்துக்கும், அதில் போடும் ஒவ்வொரு ரகக் காகிதத்துக்கும் நிறக் குணம் வேறு. அந்தக் குணத்தை அளந்து எழுதி வைத்த கோப்புக்குப் 'புரொபைல்' என்று பெயர். இதற்குப் பொதுவான முறை வகுக்க 1993-ல் எட்டுக் கம்பெனிகள் கூடி ஐ.ஸி.ஸி. என்ற அமைப்பை ஏற்படுத்தின. திரையின் மேல் வைத்து நிறத்தை அளக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. அது திரையின் ஜாதகத்தைக் கணித்துக் கொடுத்துவிடும். காகிதத்தின் ஜாதகத்தை அச்சுக்கூடத்தாரிடம் கேட்டு வாங்கலாம். இரண்டும் கையில் இருந்தால், அச்சில் படம் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஏறக்குறைய முன்கூட்டிப் பார்த்துவிடலாம்.

கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்கும் அவர் யோசனை சொன்னார். புதுத் திரை பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவே வருகிறது. அதனால்தான் திரையில் பளிச்சென்ற முகம் காகிதத்தில் மங்குகிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, திரையின் வெள்ளையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாய்த் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வேறு ஜாதகம் கேட்காத கடைகளுக்குப் படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது முறையில் கொடுங்கள். 'நீங்களாக நிறத்தைத் திருத்த வேண்டாம்' என்று சொல்லுங்கள். பெரிதாகப் போடுமுன் தபால் கார்டு அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். அதையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜவுளிக் கடையில் புடவையை வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கிறோமே, அந்தப் புத்திசாலித்தனம்தான்!

தங்கை புடவையுடன் வந்து சேர்ந்தாள். தாழ்வாரத்தில் விரித்தோம். வேடிக்கை என்னவென்றால், புடவை திரையிலிருந்த நீலமாகவும் இல்லை! அதைவிட ஆழமாய், அமைதியாய் இருந்தது. காமிராவும் திரையும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியிருந்தன. இத்தனை நாள் எந்தத் திரையைச் சாட்சியாக நம்பினோமோ, அதுவே சரியான சாட்சியில்லை!

அச்சுக்காரர் புடவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளந்து சரிசெய்த திரையில் நிறத்தைத் திருத்தினார். முகத்துக்குச் சற்று வெளிச்சம் கூட்டினார். சிறிய அளவில் மூன்று முறை அச்சிட்டார். மூன்றாவதைத் தங்கையிடம் கொடுத்தார்.

அவள் அதைப் புடவைத் தலைப்பின்மேல் வைத்து வெகு நேரம் பார்த்தாள்.

"நூற்றுக்கு நூறு இல்லை" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனால் அம்மாதான்" என்றாள்.

படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சம் படும் சுவரில் மாட்டியிருக்கிறது.