கிண்ணச் சின்னம் கூறும் பாடம்

குலச் சின்னங்களைக் கேடயத்தில் பொறித்துப் பெருமை கொள்ளும் வழக்கம் ஐரோப்பியப் பிரபுக்களுக்கு மட்டுமே உரியதென எண்ணிவிடாதீர்கள். 1250 முதல் 1517 வரை எகிப்தையும் ஷாம் தேசத்தையும் ஆண்ட மம்லூக்குகளிடமும் அது இருந்தது. அச்சின்னத்தை அவர்கள் 'ரன்க்' என்றழைத்தனர். நிறம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஐரோப்பியப் பிரபுவின் சின்னம் அவருடைய பரம்பரையை அறிவித்தது. மம்லூக் அமீருக்கோ எடுத்துரைக்கப் பரம்பரை இல்லை. மம்லூக் என்ற சொல்லுக்கே பிறருடைய உடைமையானவர் என்பதுதான் பொருள். இளமையில் விலைக்கு வாங்கப்பட்டு, அரண்மனை ஊழியத்தால் உயர்ந்தவர்களே அவர்களுள் மிகப் பலர். சுல்தான் பைபர்ஸ் சிங்கத்தைச் சின்னமாகக் கொண்டார் என்பது உண்மையே. அமீர்களில் பலரோ தாம் ஆற்றிய ஊழியத்தின் அடையாளத்தையே ஏற்றனர். பானம் வழங்கியவருக்குக் கிண்ணம்; ஆயுதம் தாங்கியவருக்கு வாள்; அரசரின் மைக்கூட்டைச் சுமந்தவருக்கு எழுதுகோற்பெட்டி; ஆடைகளைப் பேணியவருக்குச் சதுரத் துணி!

1312 முதல் 1340 வரை திமிஷ்கின் ஆளுநராக விளங்கிய அமீர் தன்கிஸ், முன்னர் சுல்தான் நாஸிர் முஹம்மதுக்குப் பானம் வழங்கும் பணியில் இருந்தவர். பெரும் அதிகாரம் பெற்ற பின்னரும் கிண்ணமே அவரது சின்னம். பைத்துல் முகத்தஸில் அவர் எழுப்பிய மதரஸாவின் வாயிலில் அது பொறிக்கப்பட்டுள்ளது. 1340இல் அதே சுல்தானின் சினத்துக்கு ஆளாகி, பதவியும் செல்வமும் இழந்து, அவர் உயிர்நீத்தார். அதிகாரம் அகன்றது, ஊழியத்தின் அடையாளம் கல்லில் நின்றது.

அமீர்கள் பள்ளிவாசல்களுக்கு வழங்கிய கண்ணாடி விளக்குகள் பலவற்றில், இறையொளியைப் பற்றிப் பேசும் 'அந்நூர்' அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தோடு, கொடையாளியின் சின்னமும் தீட்டப்பட்டிருக்கும். அது நன்றியுணர்வா, புகழாசையா? உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள்.

நாம் மட்டும் என்ன? பள்ளிவாசலுக்கு வழங்கும் மின்விசிறியிலும் கடிகாரத்திலும் நம் பெயரை எழுதி வைக்க விரும்புகிறோமே, அவ்வேளையில் நம் உள்ளம் எதை நாடுகிறது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாவண்ணம் ஈவதன் சிறப்பை நாம் மறக்கலாமா? குலமும் கோத்திரமும் மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே. இறைவனிடம் கண்ணியம் பெற்றுத் தருவது இறையச்சமே என்பது திருக்குர்ஆனின் போதனை. அல்லாஹ்வின் அடிமை என்பதைவிட உயர்ந்த சின்னம் ஒரு முஸ்லிமுக்கு வேறில்லை. அதனை உள்ளத்தில் பொறித்து வாழ வல்ல இறைவன் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.