ஒற்றைக்கால் தாங்கி

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும்போது, எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் புகைப்படக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய லென்ஸ், அதன் அடியில் ஒரே ஒரு கால். மோனோபாட் என்பது அதுதான்.

கேமரா ஆடாமல் இருக்கத்தானே என்பீர்கள். கிரிக்கெட்டில் அது இரண்டாவது காரணம். வேகப்பந்து வீச்சாளரைத் துல்லியமாகப் பிடிக்க ஷட்டர் 1/1000 நொடியாவது இருக்க வேண்டும். அந்த வேகத்தில் கை நடுக்கம் பெரும்பாலும் படத்தில் விழாது. முதல் காரணம் எடை. 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் இன்றைய மாடலிலேயே சுமார் 3 கிலோ. கேமராவும் சேர்ந்தால் சுமார் 4 கிலோ. ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. பந்துக்குப் பந்து அதைத் தூக்கிக் கண்ணருகே பிடித்தால் உணவு இடைவேளைக்குள் தோள் விட்டுப்போகும். முக்காலி வைக்கலாமே என்றால், அது இடத்தை அடைக்கும். பவுண்டரியில் பாய்ந்து வரும் ஃபீல்டர் அதில் தடுக்கி விழுவார்.

சரி, கேமராவின் ஆட்டத்தை மோனோபாட் எப்படிக் குறைக்கிறது? கேமரா கீழே தொய்வதை இந்தக் கால் நிறுத்திவிடும். பக்கவாட்டில் அசைவதை நிறுத்தாது. அந்த வேலை உங்கள் கால்களுடையது. கம்பின் நுனியைச் சற்று முன்னால் ஊன்றி, உங்கள் பக்கம் சாய்த்து, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நில்லுங்கள். இடது கையை லென்ஸ் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். வெறும் கையில் 1/400 நொடிக்குக் கீழே போகத் தயங்கும் இடத்தில், இப்படி நின்றால் 1/100 வரை இறங்கிப் பார்க்கலாம். நான்கு மடங்கு வெளிச்சம்! வேடந்தாங்கலில் பொழுது சாயும் நேரத்தில், கிளையில் அசையாமல் நிற்கும் நாரையை எடுப்பவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! இரவில் கோபுரத்தை 2 நொடி எடுக்க மட்டும் முக்காலியேதான் வேண்டும்.

இன்னொன்று: கம்பைக் கேமராவின் அடியில் திருகாதீர்கள். பெரிய லென்ஸைச் சுற்றி ஒரு வளையமும் அதில் ஒரு பாதமும் இருக்கும்; அங்கே திருகினால் எடை நடுவில் நிற்கும். வளையத்தின் திருகைத் தளர்த்தினால், கம்பு அப்படியே நிற்க, கேமராவைக் குறுக்கிலிருந்து நெடுக்குக்குச் சுழற்றலாம்.

இணையத்தில் மோனோபாட் என்று தேடினால் செல்ஃபி குச்சியும் வரும், கவனம். எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். அடியிலுள்ள மெல்லிய துண்டை முழுக்க இழுக்காமலே கண் உயரத்துக்கு வர வேண்டும். அந்தத் துண்டுதான் முதலில் வளையும்.